நோட்டின் முதல் கையெழுத்து

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே ஒரு போலீஸ் காகிதத்தில் முதல் வரியில் ஏறிவிட்டது. அங்கே அதை ஏற்றிவிட்டதில் பெரும்பங்கு என்னுடையது. இன்னொரு காகிதத்திலும் நானே ஏற்ற வேண்டாம்.

ஹைதராபாத் பக்கம், லோத்குண்டாவில், எங்கள் அடுக்ககத்தின் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், இஸ்திரி வண்டி போட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கரிப் பெட்டி, அதைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கிப்போன தோள், இடுப்பில் செருகிய முந்தானை. அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர். இவர் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது, கணவரை இழந்தது எல்லாம் இங்கேதான். அதனால் அவருடைய தமிழில் பாதி இந்த ஊர் உருது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் என் மனைவிக்கும் அது பெரிய வேடிக்கை. இருவரும் வீட்டுக்குள் அப்படிப் பேசிக்காட்டிச் சிரிப்போம். அப்போதெல்லாம் வீட்டில் 'இஸ்திரிக்காரி' என்றுதான் சொல்வோம். இன்று இங்கே 'அவர்' என்று எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தப்பு நடந்தாலும், அது தன்னுடையதென்றால், யாரும் கேட்பதற்கு முன்னால் வந்து நிற்பார்.

என் நீலச் சட்டையைத் தீய்த்துவிட்டார் ஒருநாள். இஸ்திரி போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது எனக்குத் தெரியும். தீய்ந்த இடம் உள்ளே போகிற மாதிரி மடித்து, நடுவில் செருகிக் கொடுத்துவிடுவார்கள். நாலு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து நாம் கத்தினால், "முன்னாடியே இருந்துச்சு சார்" என்பார்கள். இவர் தீய்ந்த இடம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, அடுக்கின் உச்சியில் வைத்து, மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"ஹவ் சார், நான்தான். பராக்கு பார்த்துகினு இருந்தேன். பெட்டி நின்னுபூட்ச்சு."

நான் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. ஒப்புக்கொண்டு நிற்கிற ஆளை எப்படித் திட்டுவது? "பரவால்லம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு, மனைவியிடம் அவரைப் போலவே பேசிக்காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. தன்னுடையதைச் சொல்வாரே தவிர, அடுத்தவருடையதைச் சொல்ல மாட்டார். ஒரு கோடையில் யாரோ மோட்டாரை நிறுத்தாமல் விட்டு, விலைக்கு வாங்கிய டேங்கர் தண்ணீர் பாதி தெருவில் ஓடியது. அசோசியேஷன் தலைவர், ஓய்வு பெற்ற சுபேதார், மீசை துடிக்கக் கேட்டுக்கு வந்தார். வாசலிலேயே நாளெல்லாம் நிற்பவருக்குத் தெரியாதா?

"நான் இல்லே சார். யாருன்னு என்னைக் கேக்காதீங்க. போட்டவங்க சொல்லுவாங்க."

"சொல்லலைன்னா?"

"கைக்கு சொல்ல மாட்டாங்க? சொல்லுவாங்க."

சாயங்காலம் வாட்ச்மேன் தானே வந்து சுபேதாரிடம் ஒப்புக்கொண்டான். இவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. உலகத்தில் எல்லாரும் கொஞ்ச நேரம் கொடுத்தால் வந்து சொல்லிவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நான் அதை வெகுளித்தனம் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கை என் விஷயத்தில் பொய்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்?

இனி சாலைக்கு வருகிறேன். எங்கள் கேட்டிலிருந்து நூறடியில் கரீம்நகர் போகும் பெரிய சாலை. அதை அகலப்படுத்தி, நடுவே டிவைடர் கட்டினார்கள். முதலில் எங்கள் தெருவுக்கு நேரே ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் அதையும் கல் வைத்து மூடியிருந்தது. யார் மூடச் சொன்னது என்பது கடைசிவரை தெரியவில்லை. பஸ் ஸ்டாப், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். முறைப்படி போவதென்றால் ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். யார் போவார்? எல்லாரும் புடவையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிவைடர் ஏறிக் குதித்தார்கள். இவர் மட்டும், வண்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்க முடியாது என்பதால், தினமும் காலையும் மாலையும் அந்த ஒன்றரை கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டு போய் வந்தார். அந்தப் பக்கத்துச் சந்தில்தான் அவர் வீடு.

பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரி மாணவி, டிவைடரிலிருந்து இறங்கும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனாள். அன்றே அசோசியேஷன் கூட்டம் கூடி, மனு கொடுப்பது என்று முடிவு செய்தது. நான் அப்போது துணைச் செயலாளர். மனு எழுதுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் என் பொறுப்பு. மூன்று மனு போயிற்று. மூன்றுக்கும் பதில் இல்லை.

"இப்படியே எழுதிட்டிருந்தா இன்னொரு பொண்ணு போவா. ரோட்டுல உக்காருவோம். ஒரு மணி நேரம் வண்டி நின்னா தானா ஓடி வருவாங்க" என்று சொன்னது யார்? நான்தான். இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது இன்று.

மறியலுக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். கை தூக்குவார்கள், காலையில் ஆபீஸ் வண்டி ஏறிப் போய்விடுவார்கள். கம்பெனியில் நான் இருபது பேரை மேய்க்கிறவன். எதற்கும் ஒரு அட்டவணை போட்டால்தான் எனக்கு நிம்மதி. நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். பிளாட் எண், பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. வீட்டுக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாத வீடு அந்த மாதம் தண்ணீர் டேங்கர் வரிசையில் கடைசி. சுபேதார் என் தோளைத் தட்டி, பட்டாளத்தில் இருக்க வேண்டியவன் என்றார். சட்டத்துக்கு விரோதமான ஒரு காரியத்துக்கு வருகைப் பதிவேடு வைக்கிறோமே என்று எங்கள் நாற்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள்.

காலை எட்டரைக்கு மறியல். எட்டே காலுக்கே அவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்துவிட்டார். அவருக்கு பிளாட்டும் இல்லை, டேங்கரும் இல்லை, கையெழுத்துப் போட வேண்டிய அவசியமும் இல்லை. "அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமையானா சுடிதார் கொண்டு வரும் சார். நான் உக்கார்றேன்" என்று நோட்டை வாங்கி, முதல் வரியில், தமிழில், தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். பிளாட் எண் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று யோசித்து, நான் 'கேட்' என்று எழுதினேன்.

முப்பத்திரண்டு கையெழுத்து விழுந்தது. போட்டுவிட்டுப் பின்சந்து வழியாக நழுவியவர்களும் அதில் அடக்கம். வந்தவர்களில் நோட்டில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான். பதிவேடு வைத்திருப்பவன் அதில் கையெழுத்துப் போடுவதில்லை.

இருபுறமும் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்து, வெறும் உட்கார்ந்த ஜனங்களை எடுத்து என்ன செய்ய என்பது போல நின்றார். சந்துமுனை பஞ்சர் கடையிலிருந்து நான்தான் பழைய டயர் ஒன்றை உருட்டி வரச் சொன்னேன். தீப்பெட்டி வைத்துப் பார்த்தோம், பற்றவில்லை. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்க பெட்டியில கங்கு இருக்காம்மா?"

"இருக்கு சார். இப்பதான் மூட்டினேன்."

இடுக்கியில் கங்குகளை எடுத்து வந்து டயருக்குள் போட்டு, விசிறியால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் கறுப்புப் புகை மேலே ஏறியது. படம் நன்றாக வந்தது என்று புகைப்படக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் பதிலுக்குத் தூக்கிக் காட்டினேன்.

அதன்பிறகு அவர் ஒரே ஒருமுறைதான் எழுந்தார். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது. நாங்கள் விடலாமா கூடாதா என்று கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் பாதிச் சாலையைக் காலி செய்துவிட்டார். எரிகிற டயரைக் கம்பால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனார். ஆம்புலன்ஸ் போனதும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

போலீஸ் ஜீப் வந்தது. நான் செய்த முதல் காரியம் நோட்டை மறைத்தது. வேறு இடம் தோன்றவில்லை. அவருடைய வண்டியில், மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் செருகினேன். அவர் அதைப் பார்த்தார்.

வந்த எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தார் உருகி வட்டமாகக் கறுத்துக் கிடந்த இடத்தைக் காலால் தேய்த்துப் பார்த்து, டயரைக் கொளுத்தியது யார் என்று தெலுங்கில் கேட்டார். உட்கார்ந்திருந்த எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

"ஹவ் சாப், நான்தான். என் பெட்டி நெருப்புதான்" என்று எழுந்து நின்றார்.

ஒரு கான்ஸ்டபிள் வண்டியைச் சோதித்தார். துணி சரிந்தது, நோட்டு வந்தது. எஸ்.ஐ. அதைப் புரட்டியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. குற்றவாளிகளே பெயர், விலாசம், வந்த நேரம், கையெழுத்தோடு பட்டியல் எழுதிக் கொடுத்ததை அவர் தம் வேலையில் பார்த்திருக்கவே மாட்டார்.

"இந்த நோட்டு யாருடையது? உன்னுடையதா?"

"வண்டி என்னுது. நோட்டு என்னுது இல்லே."

"பிறகு யாருடையது?"

"எழுதினவங்க சொல்லுவாங்க சாப்."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. காத்திருந்தார். மோட்டார் விஷயத்தில் காத்திருந்த மாதிரியே. அந்த வாரம்தான் கம்பெனியில் என் பெயரை அமெரிக்க வேலைக்கு எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். போலீஸ் விசாரணை வரவேண்டியிருந்தது. இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட வழிப்போக்கன் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. பிறகு கூட்டத்திலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து, பஞ்சர் கடைப் பக்கம் போய் நின்றேன்.

முப்பத்திரண்டு பேர் மீதும் வழக்கு. வக்கீல் ஒருவர் கூட்டத்துக்கு வந்து விளக்கினார். சட்டவிரோதமாகக் கூடியது, போகிறவர்களைத் தடுத்தது என்பதோடு போயிருந்தால் பெரிதில்லை. தார் உருகியிருப்பதால் பொதுச் சொத்துக்குச் சேதம் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், அதற்கு ஐந்து வருஷம்வரை கொடுக்கலாம் என்றார். ஐந்து வருஷம் என்றதும் கூட்டத்தில் எல்லாருக்கும் பெரிய மனிதர்களின் ஞாபகம் வந்தது. ஒருவருக்கு மைத்துனர் செக்ரடேரியட்டில். ஒருவருக்குச் சம்பந்தி வக்கீல். சுபேதாருக்குப் பழைய கர்னல். ஒவ்வொரு பெயராக நோட்டிலிருந்து உதிர்ந்து, கடைசியில் ஐந்து பெயர் மிஞ்சியது. போன் போட்டுக் கேட்க யாரும் இல்லாதவர்கள் ஐந்து பேர். முதல் குற்றவாளி, முதல் வரியில் இருந்தவர்.

மறியல் என்னவோ பலித்தது. ஒரு மாதத்தில் டிவைடரைத் திறந்து, ஆள் கடக்க வழிவிட்டு, இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டார்கள். அசோசியேஷன் ஆண்டுவிழாவில், இடைவிடாத முயற்சிக்காக எனக்குச் சால்வை போட்டார்கள். நான் போர்த்திக்கொண்டேன். பின்வரிசையில் நின்று அவரும் கை தட்டினார். அந்தச் சால்வையை அவரிடம்தான் இஸ்திரிக்குப் போட்டோம்.

அதன்பிறகு அவர் வாய்தாவுக்குப் போக ஆரம்பித்தார். வண்டி வீட்டுக்குப் போகாமல் மரத்தடியிலேயே தார்ப்பாய் மூடிக் கிடந்தால் அன்று கோர்ட் என்று அர்த்தம். காலையில் போய் ராத்திரி வருவார். கூப்பிட்டார்களா என்று கேட்டால், "நக்கோ சார், வேற தேதி" என்பார். அப்படி ஒரு வாய்தா நாளில் எனக்கு முக்கியமான மீட்டிங். தேய்த்த சட்டை இல்லை. "இந்தம்மாவுக்கு இதே வேலையாப் போச்சு, மாசத்துல ஒரு நாள் காணாமப் போயிடுது" என்று வீட்டில் சலித்துக்கொண்டேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அந்த ஸ்டேஷன் ஆள் இல்லை, வேறு பிரிவு. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றார். பகல் பதினொரு மணிக்கு எங்கள் அடுக்ககத்தில் யார் இருப்பார்? சுபேதார் ஒருவர் போட்டார். இரண்டாவதற்கு ஆளில்லாமல் கேட்டுக்கு வந்தோம். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இவரைத் தெரியுமா? எப்படிப்பட்டவர்? கேஸ் கீஸ், ரோடு கலாட்டா எதிலாவது உண்டா?" என்று போலீஸ்காரர் இந்தியில் கேட்டார்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

"அவரோடதை அவரைக் கேளுங்க சாப். எனக்குத் தெரிஞ்சு நல்ல மனுஷன். வீட்டுக்காரம்மாவை ஒரு சத்தம் போட்டதில்லே. எழுதிக்கோங்க" என்றார். பேனாவை வாங்கி, அதே மாதிரி எழுத்துக்கூட்டி, தமிழில் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரத்தில் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. ஆனால் அந்த வருடம் அமெரிக்கா கிடைக்கவில்லை. மறுபடி வாய்ப்பு வர இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு ஒரே மகள் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஏ.சி. ரிப்பேர் வேலை. மகள் உண்டானாள். ஏழாம் மாதம் ரத்தக்கொதிப்பு, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு அம்மா அங்கே வரவேண்டும். மாப்பிள்ளை விசா எடுத்துத் தருகிறேன் என்றார். இவரிடம் பாஸ்போர்ட் இல்லை.

போட்டோ எடுக்கப் போன அன்று தன் புடவையைத் தானே இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் உடம்பில் மடிப்புக் கலையாத துணியை அன்றுதான் பார்த்தேன். கேஸ் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி. படிவம் நிரப்பிக் கொடுத்த ஏஜெண்ட் 'இல்லை' என்று போடப் போனாராம். "கைக்கு இல்லைன்னு எழுதறே? இருக்குதே. ஹவ்னு எழுது" என்று இவர் பிடிவாதம் பிடித்து 'ஆம்' என்று எழுத வைத்திருக்கிறார். பிறகு வக்கீல்தான் ஒரு வழி சொன்னார். கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். ஆனால் போலீஸ் அறிக்கை சாதகமாக வேண்டும். கௌரவமான இரண்டு பேர், இது காலனி முழுவதும் சேர்ந்து செய்த காரியம், இந்தம்மா நல்ல நடத்தை உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தால் போதும். சுபேதார் அதற்குள் மகனோடு பூனாவுக்குப் போய்விட்டார். இவர் முதல் பெயராக என் பெயரைக் கொடுத்தார். கொடுத்ததை என்னிடமும் வந்து சொன்னார்.

"உங்க பேரைத்தான் சார் சொல்லிகீறேன். ஹவ்ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்லிடலாம்மா, அதுக்கென்ன" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். இந்த முறை எங்கள் ஸ்டேஷன் ஆள். கையில் அந்தப் பழைய வழக்கின் கட்டு. சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கட்டைப் பிரித்தார். உள்ளே என் நோட்டின் நகல் இருந்தது. என் கோடுகள், என் கையெழுத்தில் 'கேட்' என்ற வார்த்தை. அடுத்த வாரம் எனக்கு விசா நேர்காணல்.

"இந்தம்மா உங்களைத்தான் சொல்லியிருக்கிறார். மறியல் காலனி சார்பில் நடந்தது, நீங்களும் இருந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

"இல்லைங்க. எனக்கு அதைப்பத்தி எதுவும் தெரியாது" என்றேன்.

"ஆளைத் தெரியுமல்லவா? நடத்தை எப்படி?"

"துணி போடுவோம், வாங்குவோம். அதுக்கு மேல பழக்கம் இல்லைங்க."

ஆறு வருடத்துச் சட்டைகள் பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் என் பெயரின் மீது ஒரு கோடு இழுத்தார். அவர் போன பிறகு என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "நான் போய்ச் சொல்லட்டுமா? எனக்கு எந்த விசாவும் வேண்டாம்" என்றாள். பேசாமல் இரு என்றேன். கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சத்தம் போட்டேன்.

அறிக்கை பாதகமாகப் போயிற்று. மஸ்கட்டில் பேத்தி பிறந்தாள். ஆபரேஷன், ரத்தம் நிறையப் போய் மகள் பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஆண்பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். அந்தப் பதினோரு நாளும் இவர் வேப்பமரத்தடியில் நின்று எங்கள் துணிகளைத் தேய்த்தார். மகள் பிழைத்துக்கொண்டாள். பேத்தியின் போட்டோ வந்ததும் எல்லாருக்கும் காட்டினார், எனக்கும்.

வழக்கு அதற்கும் பிறகுதான் முடிந்தது. அப்போது நான் அமெரிக்காவில். டயர் பிரிவை எடுத்துவிட்டு, ஒப்புக்கொண்டால் அபராதம் என்றார்களாம். மற்ற நால்வரும் வக்கீலைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்க, மாஜிஸ்ட்ரேட் கேள்வியை முடிப்பதற்குள் இவர் தன் பதிலைச் சொல்லிவிட்டாராம். அபராதத்தோடு, கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தண்டனை. உட்கார்ந்திருந்துவிட்டு, வந்து வண்டியைத் திறந்தார் என்று என் மனைவி போனில் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் வருவது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைதான். காலையில் ஆபீஸுக்கு இறங்கினேன். கேட்டைத் தாண்டி வண்டி பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

"சார்."

நின்றேன். பெட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். கோபமாக இல்லை. தீய்ந்த சட்டையைக் கொண்டுவந்து நின்றபோது எப்படிப் பேசினாரோ அதே குரல்தான். ஒருவர் தன்னுடையதைச் சொல்வதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று நினைக்கிற குரல்.

"சனிக்கிழமை போலீஸ்காரர் வந்தாராமே, வக்கீல் சொன்னார். பழக்கம் இல்லேன்னு சொன்னது நீங்களா சார்?"

ஒரு 'ஹவ்' போதும். பயந்துவிட்டேன் அம்மா என்று அதோடு சேர்த்திருந்தால், அவர் "பரவால்லே சார்" என்றிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"யாரும் வரலையேம்மா. சனிக்கிழமை நாங்க வீட்டுலயே இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு, போலீஸ்காரர் போன கையோடு, நானே கீழே வந்து அவர் கையிலிருந்து வாங்கிப்போன சட்டை அது.

"ஹவ் சார்" என்றார். பெட்டியைத் திறந்து, சாம்பலை ஊதிவிட்டு, புதுக் கரி போட ஆரம்பித்தார்.